அக்கா ‘அது’, மிளகு ‘அவ’

எங்க வீட்ல அக்காவைப் பத்திப் பேசும்போது "அக்கா வந்துச்சு, அக்கா சொல்லுச்சு"ன்னுதான் சொல்லுவோம். மெட்ராஸ்ல நெறைய வீட்ல அப்படித்தான், அதுல மரியாதைக் குறைச்சல் ஒண்ணும் கிடையாது, பாசம்தான். ஆனா அதே அக்கா தன்னோட நாயைப் பத்திப் பேசும்போது "மிளகு சாப்பிட்டா, மிளகு தூங்கறா, இன்னிக்கு என்னமோ மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கா"ன்னு சொல்லும். இதை ரொம்ப லேட்டாதான் கவனிச்சேன். அதாவது எங்க குடும்பத்துல அக்கா அஃறிணை, நாய் உயர்திணை. ஒரு தடவை சிரிச்சிக்கிட்டே இதை சொன்னேன், அக்கா சிரிக்கல. "பின்ன அவளைப் போய் எப்படிடா அதுன்னு சொல்றது"ன்னு கேட்டுச்சு.

நான் நாய் புடிக்காத ஆள் இல்ல, அதை மொதல்லயே சொல்லிடறேன். எங்க வீட்லயும் நாய் இருந்துச்சு. குரோம்பேட்டைல, 80கள் கடைசில, மணின்னு ஒரு செவலை. பகல்ல முருங்கை மரத்தடில கட்டிப் போட்டிருப்போம், ராத்திரி அவுத்து விட்டுடுவோம், நாங்க சாப்ட்டு மிஞ்சின ரசம் சாதமோ மீன் கொழம்பு சாதமோ ஒரு நெளிஞ்ச அலுமினியத் தட்டுல போகும், மழை பெஞ்சா மாடிப்படிக்கு அடியில ஒரு சாக்கு. தீபாவளிக்கு முன்னாடி துணி சோப்பு போட்டு குழாயடில ஒரு குளியல். அவ்ளோதான் நாய் வளர்ப்பு. ஊசி? நாய் கடிச்சா நமக்குத்தான் ஊசி, நாய்க்கு எதுக்கு ஊசி. இதுல யாருக்கும் எந்த உறுத்தலும் கிடையாது, ஏன்னா தெருவுல வீட்டுக்கு வீடு ஒரு மணி இருந்துச்சு, இல்லேன்னா ஒரு டைகர்.

அந்த வீட்லேர்ந்து வந்த அக்காதான் இப்ப மடிப்பாக்கத்துல மிளகுக்குன்னு தனி குக்கர் வச்சிருக்கு. 3 லிட்டர், கைப்பிடில சிவப்பு நூல் கட்டியிருக்கும், அதுல நம்ம பருப்பு வேக வச்சிட்டா அன்னிக்கு வீட்ல கச்சேரிதான். காரணம் வெங்காயம். வெங்காயம் பூண்டு ரெண்டுமே நாயோட ரத்தத்துல இருக்கற சிவப்பணுவை உடைக்குமாம், அதனால அந்த வாசனை பட்ட பாத்திரம்கூட வேணாமாம். திராட்சை கிட்னியைக் கெடுக்கும், சாக்லேட் கூடவே கூடாது. பாத்திரம் வரைக்கும் போறது கொஞ்சம் ஓவர்னு நான் இன்னிக்கும் நெனைக்கறேன், ஆனா வெங்காய விஷயம் நிஜம்தான். மணிக்கு நாங்க வருஷக்கணக்குல போட்டது எல்லாம் வெங்காயம் வதக்கின கொழம்புதான்.

புரட்டாசி மாசம் அக்கா வீட்டுக்கு போய் பாக்கணும். அக்கா கவுச்சி தொடாது, சனிக்கிழமையானா தளிகை போடும், வடை மாலை, துளசி தீர்த்தம், எல்லாம் முடிச்சிட்டு நெத்தில நாமத்தோட பின்கட்டுல ஒரு தனி அடுப்புல கோழிக் கழுத்து வேக வச்சிக்கிட்டிருக்கும். "பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டாராக்கா?"ன்னு கேட்டா "விரதம் எனக்கு, அவளுக்கு இல்ல"ன்னு பதில் வரும். கோழிக்கடைக்காரர் புரட்டாசில வியாபாரம் இல்லாம உக்காந்திருப்பாராம், அக்காவைப் பாத்தா மட்டும் எழுந்து நிப்பாராம்.

மிளகு வந்ததே ஒரு கதை. 2015 டிசம்பர் வெள்ளம், மடிப்பாக்கத்துல இடுப்பளவு தண்ணி, படகு வந்து ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போறாங்க. காம்பவுண்ட் சுவர் மேல ஒரு கறுப்புக் குட்டி, நனைஞ்ச கரித்துணி மாதிரி. படகுக்காரரு நாயெல்லாம் ஏத்த முடியாதும்மான்னுட்டாரு, நியாயம்தான், மனுஷங்களுக்கே எடம் இல்ல. அக்கா சரிங்கன்னு சொல்லிட்டு உள்ள போய் ஒரு வயர் கூடையோட வந்துச்சு, மேல ஒரு துண்டு, கேட்டதுக்கு சாமி படம்னு சொல்லியிருக்கு. பாதி வழில சாமி படம் தும்மிடுச்சு. மாமா இதை எப்ப சொன்னாலும் அந்தத் தும்மல் எடத்துல நிறுத்தி ஒரு தடவை தும்மிக் காட்டுவாரு.

இந்த மாதிரி ஆளுங்க ஏதோ ரெண்டு மூணு பேருன்னுதான் நெனைச்சிருந்தேன். காலைல 5 மணிக்கு ஏரிக்கரைப் பக்கம் போனாதான் தெரியுது, அது ஒரு தனி ஊரே. அங்க யாருக்கும் யாரோட பேரும் தெரியாது, நாயோட பேரு மட்டும்தான் தெரியும். பிரவுனி அம்மா, சீசர் அப்பா, லட்டு பாட்டி. சீசர் அப்பா பேங்க்ல பெரிய போஸ்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, ஆனா அங்க அவரு சீசரோட அப்பா, அவ்ளோதான் அடையாளம். அவரு ஒரு தடவை சீசரை மதுரைக்குக் கூட்டிட்டுப் போன கதையை அரை மணி நேரம் சொன்னாரு. ரயில்ல நாயைக் கூடவே வச்சிக்கணும்னா ஃபர்ஸ்ட் ஏசில ஒரு கூப்பே முழுசா நம்மளோடதா இருக்கணும், 2 பெர்த்தும். இல்லேன்னா கார்டு வேன்ல இருக்கற பெட்டிக்குள்ள நாயைப் போட்டு அனுப்பணும். கூப்பே கெடைக்குமா இல்ல 4 பெர்த் கேபின்ல வேற யார்கூடயாவது போட்டுடுவாங்களான்னு சார்ட் ரெடியாகற வரைக்கும் தெரியாது. அதனால மனுஷன் எழும்பூர் ஸ்டேஷன்ல ஊசி போட்ட சர்ட்டிபிகேட், ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் எல்லாத்தையும் வச்சிக்கிட்டு, பார்சல் ஆபீஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடந்துக்கிட்டு, ஒருவேளை கூப்பே கெடைக்கலேன்னா அப்படியே ராத்திரியே காரை எடுத்துக்கிட்டு மதுரைக்குக் கெளம்பிடறதுன்னு வெளில டிரைவரையும் நிறுத்தி வச்சிருக்காரு. எதுக்கு இவ்ளோ பாடு, பேசாம கார்லயே போயிருக்கலாமேன்னு கேட்டேன். "கார்ல அவனுக்கு வாந்தி வரும்"னாரு. எதுக்கு மதுரை போனீங்கன்னு கேட்டேன். அவரோட மச்சினன் பொண்ணு நிச்சயதார்த்தமாம். நாய் வர்லேன்னா இவரும் வரமாட்டாருன்னு தெரிஞ்சு மண்டபத்துல ஒரு ரூம் தனியா போட்டுக் கொடுத்திருக்காங்க.

அங்கயே ஒரு அம்மா தெரு நாய்ங்களுக்கு சாதமும் கோழிக் காலும் கொண்டு வந்து போடுவாங்க. 14 நாய், 14 பேரு. எதுக்கு காதுல ஓரமா வெட்டு இருக்கு, எதுக்கு இல்லேன்னு விரல் விட்டு சொல்லுவாங்க, வெட்டு இருந்தா கருத்தடை ஆயிடுச்சுன்னு அர்த்தம். இந்தப் புடிச்சு ஆபரேஷன் பண்ணித் திரும்ப அதே எடத்துல விடற வேலையை 1964லயே நம்ம ஊர்ல ப்ளூ கிராஸ்ங்கற விலங்கு நல அமைப்பு ஆரம்பிச்சிடுச்சுன்னு எனக்கு சொன்னதே அவங்கதான். நான் அந்த ரோட்ல இருபது வருஷமா போறேன், அந்தக் காதை ஒரு நாள்கூட பாத்ததில்ல.

சரி, அக்கா என் கையில குடுத்த ஒரு நோட்டு விஷயத்துக்கு வரேன்.

போன வருஷம், 2025 மே மாசம், அக்கா பொண்ணுக்கு சிங்கப்பூர்ல பிரசவம். அக்காவும் மாமாவும் 3 வாரம் போகணும். மிளகை போர்டிங்ல விடறதுக்கு 4 எடம் போய் பாத்துட்டு வந்துச்சு அக்கா, ஒண்ணுல ஃபேன் சத்தம் போடுதாம், இன்னொண்ணுல பக்கத்துக் கூண்டு நாய் இவளை மொறைச்சிதாம். கடைசில என்னைக் கூப்ட்டு "நீ வொர்க் ஃப்ரம் ஹோம்தானடா, அதை என் வீட்லேர்ந்து பண்ணு"ன்னு சொல்லிடுச்சு. நான் மிளகுக்கு தாய்மாமன் இல்லையா, தட்ட முடியுமா.

ஏர்போர்ட் கெளம்பற அன்னிக்கு கையில ஒரு 192 பக்க நோட்டைக் குடுத்துச்சு. நான் ஏதோ டாக்டர் நம்பர், சாப்பாட்டு டைம் எழுதியிருக்கும்னு பாத்தா, கோடு போட்டு கட்டம் கட்டி, 23 நாளைக்கும் பக்கம் ரெடியா இருக்கு. காலைத் தண்ணி, மத்தியானத் தண்ணி, ராத்திரித் தண்ணி. சாப்பாடு எவ்ளோ வச்ச, எவ்ளோ மிச்சம். ஒண்ணுக்கு எத்தனை தடவை. ரெண்டுக்கு எத்தனை தடவை, கலர், பதம். பதம்னு ஒரு காலம்! கொழுக்கட்டைப் பதம்னா சரி, களிப் பதம்னா கவனி, ரசம்னா உடனே போன் பண்ணு. முன்பக்க அட்டைல இருந்து நாலு பக்கத்துக்கு விதிமுறை. ரோட்ல கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நம்ம புறங்கையை 7 செகண்ட் தார் மேல வச்சுப் பாக்கணும், நம்மளால வைக்க முடியலேன்னா அவளால நடக்க முடியாது. அக்னி நட்சத்திரத்துல சாயந்தரம் 6 மணிக்குக்கூட கை வைக்க முடியலைங்க, அது நிஜமாவே எனக்குப் புதுசு, நமக்கு செருப்பு இருக்கறதால ரோடு எப்ப ஆறுதுன்னே தெரியாம வாழ்ந்திருக்கோம். நாய்க்கு சாதாரண டெம்பரேச்சரே 101லேர்ந்து 102.5 வரைக்கும், அதைப் பாத்துட்டு பதறாத. ஈறை விரலால அழுத்து, வெள்ளையாகும், ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப ரோஸ் ஆகணும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி காது மடல், கழுத்துப் பட்டைக்கு அடியில, கால் விரல் இடுக்கு, மூணு எடத்துலயும் உண்ணி பாரு. இருந்தா பிளக்கர்ல புடுங்கி ஸ்பிரிட் பாட்டில்ல போடு, நசுக்காத. எத்தனைன்னு எழுது.

மொத ஒரு வாரம் நான் இதை ஆபீஸ் குரூப்ல போட்டோ எடுத்துப் போட்டு கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தேன், பொய் சொல்லல. டெய்லி காலைல 7 மணிக்கு சிங்கப்பூர்லேர்ந்து வீடியோ கால், பொறந்த கொழந்தை அந்தப் பக்கம் அழுவுது, இந்தப் பக்கம் அக்கா "பதம் என்ன?"ன்னு கேக்குது. நான் டீ குடிச்சிக்கிட்டே கொழுக்கட்டைன்னு சொல்லுவேன். ஒரு வாரம் நானும் என் அக்காவும் பேசினது மொத்தமும் இதுதான்.

பத்தாம் நாள், மே 12. சாப்பாட்டுல கொஞ்சம் மிச்சம். பெருசா ஒண்ணும் இல்ல, முக்கா தட்டு சாப்ட்டு மீதியை விட்டுடுச்சு. கட்டம் இருக்கேன்னு எழுதினேன், கட்டம் இல்லேன்னா கவனிச்சே இருக்க மாட்டேன், கவனிச்சாலும் வெயிலுக்குன்னு விட்டிருப்பேன். மறுநாள் காலைல கால்ல படிச்சுக் காமிச்சேன். அக்கா பேசல. முந்தின நாள் தண்ணி என்னன்னு கேட்டுச்சு. அதுவும் கம்மி. "ஈறைக் காட்டுடா"ன்னுச்சு. நான் ஒரு கையில போனும் ஒரு கையில வாயுமா, மிளகு என் விரலை நக்குது, வெளிச்சம் பத்தலைன்னு பால்கனிக்கு இழுத்துட்டுப் போய் காட்டினேன். எனக்கு ரோஸாத்தான் தெரிஞ்சுது. "இல்ல, வெளுத்திருக்கு. இப்பவே கெளம்பு"ன்னுச்சு. முக்கா தட்டு சாப்ட்ட நாய்க்கு ஆஸ்பத்திரியான்னு எனக்கு உள்ளுக்குள்ள எரிச்சல், 10 மணிக்கு மீட்டிங் வேற.

ரத்தம் எடுத்துப் பாத்ததுல பிளேட்லெட் 62 ஆயிரம். 2 லட்சத்தை ஒட்டியாவது இருக்கணுமாம். டிக் ஃபீவர். உண்ணி கடிக்கறப்ப ஒரு கிருமி உள்ள போய் ரத்தத்துல உக்காந்துக்குது, நம்ம ஊர் வெயிலுக்கு உண்ணி வருஷம் பூரா இருக்கும், கோடைல இன்னும் ஜாஸ்தி. நான் தெனமும் பாத்துப் புடுங்கினேனேன்னு சொன்னேன். ஒண்ணு தப்பினாக்கூடப் போதும், நான் வர்றதுக்கு முன்னாடியே கடிச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு, ரொம்ப இளவயசுப் பையன், கொஞ்சம் பாவப்பட்டு சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் எழுதிக்கிட்டே கேட்டாரு.

"மூக்குலேர்ந்து ரத்தம் ஏதாவது வந்துச்சா சார்?"

இல்லைங்கன்னு சொன்னேன். "நல்லது, அந்த ஸ்டேஜுக்குப் போகல"ன்னாரு.

மணிக்கு வந்துச்சு. அதுவும் ஒரு மே மாசம்தான், எனக்கு 11 வயசு, அக்காவுக்கு 15. மொதல்ல சாப்பாட்டைப் பாதி விட்டுச்சு, அம்மா வெயில் சூடுன்னு மோர் ஊத்தி வச்சாங்க. அப்புறம் எழுந்திரிக்கல. அப்புறம் மூக்குலேர்ந்து கோடு மாதிரி ரத்தம், அந்த சாக்குல ஒரு ரூபா அளவுக்கு கறை. அக்கா வேப்பேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்ப்பான்னு ரெண்டு நாள் கேட்டுச்சு, ரயில்ல ஏத்த மாட்டாங்க, ஆட்டோக்கு யாரு குடுக்கறது, நாய்தானே புல்லைத் தின்னு தானா சரியாயிடும்னு அப்பா சொன்னாரு. அப்பா கெட்டவரு இல்ல, அன்னிக்கு அந்தத் தெருவுல எந்த அப்பாவும் வேற மாதிரி சொல்லியிருக்க மாட்டாங்க. நாலாம் நாள் முருங்கை மரத்துக்குப் பின்னாடியே பொதைச்சோம். அதுக்கப்புறம் எங்க வீட்ல யாரும் மணியைப் பத்திப் பேசினதா ஞாபகம் இல்ல.

சாயந்தரம் அக்காவுக்குப் போன் பண்ணி ரிப்போர்ட் எல்லாம் சொன்னேன், 28 நாளைக்கு டாக்ஸிசைக்ளின், ரெண்டு வேளை டிரிப்ஸ். சொல்லி முடிச்சிட்டு "மூக்குல ரத்தம் வந்துச்சான்னு கேட்டாரு"ன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, லைன் கட்டாயிடுச்சோன்னு போனைப் பாத்தேன், ஓடிக்கிட்டுதான் இருக்கு.

"தண்ணி எவ்ளோ குடிச்சா?"ன்னு கேட்டுச்சு.

மாத்திரை குடுக்கறது இருக்கே, அதுக்கு ஒரு தனிப் பதிவு போடலாம். பால் தயிர் பன்னீர் எதுலயும் வைக்காத, மருந்து சரியா ஏறாதுன்னு ஆர்டர். இட்லிக்குள்ள வச்சு நெய் தடவிக் குடுத்தேன், இட்லி போச்சு, மாத்திரை மட்டும் நக்கித் தொடைச்ச மாதிரி டைல்ஸ் மேல பளபளன்னு கெடக்குது. வாழைப்பழத்துல வச்சேன், பழத்தை உள்ள தள்ளிட்டு மாத்திரையை கன்னத்துலயே வச்சிருந்து நான் கிச்சனுக்குப் போனதும் சோபாக்கு அடியில துப்பியிருக்கு. அடுத்த நாள் பெருக்கற அக்கா எடுத்துக் குடுத்தாங்க. கடைசில ஒரு டெக்னிக் கண்டுபுடிச்சேன்: மூணு ஈரல் துண்டு, மொதல்ல சும்மா ஒண்ணு, ரெண்டாவதுல மாத்திரை, ரெண்டாவதை வாயில வைக்கும்போதே மூணாவதைக் கண்ணுக்கு நேரா ஆட்டணும். அவசரத்துல முழுங்கிடும். இதை நோட்டுல விதிமுறை பக்கத்துல நானே எழுதி வச்சேன். ஆபீஸ் குரூப்ல போடல.

அதுக்காக எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. நாய்க்கு தள்ளுவண்டி வாங்கறது, கேக் வெட்டி தொப்பி மாட்டி விடறது, அதெல்லாம் நாய் கேட்டதா எனக்குத் தெரியல, தொப்பி மாட்டின நாய் மூஞ்சியைப் பாத்தாலே தெரியும். நாய்க்காக ஏசியைப் போட்டுட்டு வெளில போறதும் எனக்கு இன்னும் செரிக்கல, கரன்ட் பில்லைப் பாத்து நானே மூச்சு வாங்கிட்டேன். தீபாவளிக்கு காலைல ஒரு மணி நேரம் சாயந்தரம் ஒரு மணி நேரம்தான் வெடின்னு சட்டம் இருந்தும் அது நம்ம தெருவுல எப்படி நடக்கும்னு தெரியும், அன்னிக்கு அக்கா பாத்ரூம்ல ஃபேனைப் போட்டு, ரேடியோவை அலற விட்டு, மிளகை மடில வச்சிக்கிட்டு தரைல உக்காந்திருக்கும். பலகாரத்தை நாங்கதான் உள்ள கொண்டு போய் நீட்டணும். இதை நான் கிண்டலும் பண்றதில்ல, போய் கூட உக்காரறதும் இல்ல.

அதே வருஷம் நவம்பர்ல, நாய்க்கு கார்ப்பரேஷன் லைசென்ஸும் சிப்பும் கட்டாயம், இல்லேன்னா 5,000 ரூபா அபராதம்னு சொன்னப்ப அக்காகூட நானும் போயிருந்தேன். லைசென்ஸ் ஃபீஸ் என்னவோ அப்ப 50 ரூபாதான் இருந்துச்சு. அரிசி மணி சைஸுக்கு ஒரு சிப், தோள்பட்டைக்கு நடுவுல ஊசியால ஏத்தறாங்க, உள்ள 15 இலக்க நம்பர். ஊசியைப் பாத்ததும் மிளகு நேரா என் மடில வந்து ஏறிடுச்சு. "தாய்மாமன் மடில உக்கார வச்சுதான் குத்தணும், கரெக்ட்டா வந்துட்டா பாரு"ன்னு மாமா சொல்ல, கியூல நின்ன அத்தனை நாய்க்காரங்களும் சிரிச்சாங்க. சீர் என்ன செய்யப் போறீங்கன்னு ஒரு பக்கத்து அம்மா சீரியஸாவே கேட்டாங்க.

மே கடைசில அக்கா திரும்பி வந்த ராத்திரியை சொல்லாம விட்டுட்டேன். ஃப்ளைட் லேட், வீட்டுக்கு வர ரெண்டு மணி. மிளகு அழுதது அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். நானும் எதிர்பாத்துக்கிட்டுதான் உக்காந்திருந்தேன், ஏதாவது ஒரு வார்த்தை, நல்லா பாத்துக்கிட்டடான்னு. அக்கா ஷூவைக்கூடக் கழட்டல, அப்படியே ஹால்ல தரைல உக்காந்து, மிளகை ஒரு பக்கம் அணைச்சிக்கிட்டு, நோட்டைக் கொண்டான்னுச்சு. மொதல் பக்கத்துலேர்ந்து கட்டம் கட்டமா, விரலை வச்சுப் படிச்சுக்கிட்டே வந்துச்சு. மே 12, 13 பக்கங்கள்ல விரல் கொஞ்சம் நின்னுச்சு, ஒண்ணும் சொல்லல. ஈரல் டெக்னிக்கைப் படிச்சுட்டு "ம்"ன்னுச்சு. அப்புறம் ஒரு எடத்துல நிமிர்ந்து பாத்துச்சு.

"பத்தொம்பதாம் தேதி மத்தியானம் ஏன் தண்ணி எழுதல?"

யோசிச்சேன். டிரிப்ஸ் முடிஞ்சு, ராத்திரியெல்லாம் முழிச்சு, அன்னிக்கு மத்தியானம் ஹால்லயே பாய் போட்டு சாஞ்சது ஞாபகம் வந்துச்சு.

"தூங்கிட்டேன்க்கா."

"அவ?"

"அதுவும்தான். பக்கத்துலயே."

அக்கா ஹேண்ட்பேக்குலேர்ந்து பேனாவைத் தேடி எடுத்து அந்தக் காலிக் கட்டத்துல, கோட்டைத் தாண்டாம, "தூங்கிட்டாங்க"ன்னு எழுதுச்சு.